கடைசியாக எடுத்தவரே பொறுப்பு

அந்தப் பலகையை நின்றுகொண்டு படிக்காதீர்கள். இருபத்திரண்டு விதி இருக்கிறது, கால் கடுத்துப் போகும். இப்படி பெஞ்சில் உட்காருங்கள். ஒன்றே கால் முதல் இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம், கண்ணாடிக் கதவைத் திறக்க மாட்டார்கள். புது ஆய்வாளரா? உறுப்பினர் அட்டை வாங்க வந்தீர்களா? நினைத்தேன். எத்தனையாவது மாதம்? ஆறா! எனக்கு ஏழு மாதிரித் தெரிந்தது. அப்படிச் சொல்லக் கூடாது, இல்லையா? மன்னித்துக்கொள்ளுங்கள். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. இன்றைக்கு எனக்குப் பயம்.

என் பெயர் பிரின்சி. வரலாற்றுத் துறை. ஆய்வேட்டை இன்றைக்கு நாலு மணிக்குள் மெயின் பில்டிங்கில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் என் பதிவே காலாவதி. மூன்று முறை நீட்டித்துக் கொடுத்தார்கள், இனி கிடையாது. பைண்டு போட்ட பிரதிகள், சிடி, கைடு கையெழுத்து, எல்லாம் தயார். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. நூலகத்தின் நிலுவையில்லாச் சான்று. அதாவது, இந்தப் பெண்ணிடம் எங்கள் புத்தகம் எதுவும் இல்லை, இவள் எதையும் தொலைக்கவில்லை, கிழிக்கவில்லை என்று தில்லைக்கரசி மேடம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும்.

நான் கிழித்திருக்கிறேன்.

அதாவது, நான் இல்லை. கிழித்தவள் அதோ, பை வைக்கும் கவுண்டருக்குப் பின்னால் தூங்குகிறாள். அமலி. ஒன்பது மாதம். டோக்கன் நம்பர் முப்பத்தொன்று.

ஏன் சிரிக்கிறீர்கள்? பிள்ளைக்குத்தான் டோக்கன். உங்களுக்கும் நாளைக்கு உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே விதி அப்படி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் இவளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் படியேறினேன். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வருடத்தில் மூன்று மாதம்தான் தரை. அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர், காலையில் போனால் சாயங்காலம்தான். பிள்ளையை யாரிடம் விடுவது? கிரெச்சில் விடலாம் என்றார்கள். கிரெச்சில் சளி இருக்கும், இருமல் இருக்கும், யாராவது வாயில் பொரி கடலையைப் போட்டு அது தொண்டையில் சிக்கி... வேண்டாம், உங்களிடம் போய் இதையெல்லாம் சொல்கிறேன். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலிலேயே கோமதிநாயகம் அண்ணாச்சி மறித்துவிட்டார். அதோ, நீலச் சட்டை. அவர்தான் இங்கே பைக்கெல்லாம் டோக்கன் கொடுப்பவர்.

"எம்மா, நில்லு. போர்டு படிச்சியா? மூணாவது ரூல் என்ன சொல்லுது?"

நான் கான்வென்ட்டில் படித்தவள். விதி என்ன என்று யாராவது கேட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். நின்றபடியே ஒப்பித்தேன்: "சொந்த உடைமைகளை நூலகத்தினுள் எடுத்துச் செல்லக் கூடாது. வாயிலில் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும்."

"தோள்ல கெடக்கது யாரு உடைமை?"

"என்னுதுதான் அண்ணாச்சி." அழுகை வந்துவிட்டது எனக்கு.

"அப்போ ஒப்படைச்சிட்டு டோக்கன் வாங்கு."

அப்படியே பதிவேட்டில் எழுதினார். கண்ணால் பார்த்தேன். 'பை 1, குடை 1, பிள்ளை 1.' புதுப் புத்தகம் வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது, அதில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு இவளைக் கிடத்தினார். இவளும் கிடந்தாள். கவுண்டருக்கு மேலே இன்னொரு சின்னப் போர்டு இருக்கிறது பாருங்கள், 'ஒப்படைக்கப்படும் பொருட்களுக்கு நூலகம் பொறுப்பேற்காது' என்று? அதைப் படித்ததும் திரும்பி வந்து கேட்டேன்.

"அண்ணாச்சி, நூலகம் பொறுப்பேற்காதுன்னு போட்டிருக்கே?"

"நூலகம் ஏற்காது. நான் ஏத்துக்கிடுதேன். நூலகம் வேற, கோமதிநாயகம் வேற. நீ உள்ள போ."

போனேன். ஆனால் அதோடு விட்டார்களா? மணிக்கு ஒரு தடவை வந்து உடைமை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினாலு 'ஆ' விதியாம். நான் பலகை முழுக்கத் தேடினேன், பதினாலுதான் இருக்கிறது, 'ஆ' இல்லை. கேட்டால், "அது ஆபீஸ் ஃபைல்ல இருக்கு, போர்டுல எடம் பத்தல" என்றார். உடைமை அழுதால் இருமுறை மணியடிப்பாராம், ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் டோக்கன் ரத்தாம். நான் ஓட்டமாக ஓடி வருவேன். ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. சில நாள் நான் ஓடி வந்து பார்த்தால், இவர் மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பார். "எம்மா, உன் உடைமை என் கண்ணாடியப் புடிச்சு இழுக்கு. நாளைக்கு எனக்கு ஒரு டோக்கன் போட்டுரு" என்பார். உடைமையைச் சோதிக்கிறாராம். அவ்வளவு கண்டிப்பு.

இது வாசலில். உள்ளே தில்லைக்கரசி மேடம் இருக்கிறார்களே, அவர்கள் இன்னும் மோசம்.

உயரமாக இருப்பார்கள், சங்கிலி கட்டிய கண்ணாடி, எப்போதும் காட்டன் புடவை. நடந்து வந்தால் சத்தமே வராது. எங்கள் ஸ்கூல் சிஸ்டர் பெனிட்டாவும் அப்படித்தான், பின்னால் வந்து நிற்பது தெரியாது, ஜெபமாலை மணி ஒன்றோடொன்று தட்டும்போதுதான் தெரியும். மேடத்துக்கு அந்தச் சங்கிலி. அந்தச் சத்தம் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். "நீ ஏன் என்னைக் கண்டா எழுந்திருக்கே?" என்று முதல் நாளே ஒரு அதட்டல். உட்கார்ந்தால் மரியாதை இல்லை, எழுந்தால் அதட்டல். என்ன செய்வது, சொல்லுங்கள்?

இரண்டாம் வாரம். இவளுக்குப் பசி. அண்ணாச்சி மணியடித்தார், நான் தூக்கி வந்து வாசிப்புக் கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டாள் பாருங்கள், நாற்பது தலை திரும்பியது. 'அமைதி காக்க' என்று அங்கேயும் போர்டு. சங்கிலிச் சத்தம் வந்தது.

"பிரின்சி, நாளையில இருந்து உனக்கு இந்த ஹால் கிடையாது."

என்னை அழைத்துக்கொண்டுபோய் பைண்டிங் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்து மாதமாகத் தனி அறை! எல்லாரும் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஒரு மேசை, கை வைத்த நாற்காலி, எனக்கென்று ஒரு மின்விசிறி, மூலையில் குடிதண்ணீர் ஃபில்டர் என்று தனியாக. "கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கணும். நான் தட்டினா மட்டும்தான் திறக்கணும்" என்று உத்தரவு வேறு. அதோடு, "நீ ரேக் பக்கமே போகக் கூடாது. என்ன வேணுமோ சீட்டுல எழுதிக் குடு, உன் மேசைக்கு வரும்." என் மேல் அத்தனை சந்தேகம். மற்றவர்கள் எல்லாம் சுதந்திரமாக ஏணியில் ஏறித் தூசியைத் தட்டிப் புத்தகம் எடுக்கிறார்கள். எனக்கு அதற்குக்கூட அனுமதி இல்லை. மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் பெனிட்டா என்னை வராந்தாவில் நிறுத்தியது போலவே இருந்தது. வீட்டுக்காரரிடம் போனில் சொல்லி அழுதேன். "ஃபேன் இருக்கா அங்க?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சிரிக்கிறார். ஆண்களுக்கு அவமானம் என்றால் என்னவென்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மணி ஒன்று நாற்பது.

என் ஆய்வு காலராவைப் பற்றி. நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஜில்லாவில் காலரா வந்தபோது சர்க்கார் என்ன செய்தது என்று. அதற்கு ஒரே ஒரு புத்தகம்தான் ஆதாரம், 1903-ஆம் வருடத்து ஜில்லா சுகாதார அறிக்கை. வேறு எங்கும் பிரதி கிடையாது, நான் சென்னை வரைக்கும் விசாரித்துவிட்டேன். அதன் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஊர் வாரியாக மருந்து போட்ட கிணறுகளின் பட்டியல், அடியில் மொத்தம். அந்தப் பட்டியலை ஒரு தடவை மூலத்தோடு சரிபார்த்துவிடு என்று என் கைடு கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். போன மாதம் இருபத்து நாலாம் தேதி. அன்றைக்குப் பார்த்து இவளுக்கு ஈறு வீங்கி உடம்பெல்லாம் கதகதவென்று இருந்தது. இங்கே உட்கார முடியாது. குறிப்புதவி நூல் வெளியே போகாது, ஆறாவது விதி. நான் கேட்கவே இல்லை, நம்புங்கள். மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். மேடம்தான் வந்து நின்று, "ஆறாவது ரூல்ல கடைசி வரி என்ன?" என்றார்கள்.

"தவிர்க்க இயலாத சூழலில், மறுநாள் காலை பத்து மணிக்குள் திருப்பித் தரும் நிபந்தனையில்."

"இன்னிக்கு என்ன சூழல்?"

"பல்லு மேடம்."

"எழுது. 'தவிர்க்க இயலாத பல்'னு எழுதாதே. 'தவிர்க்க இயலாத சூழல்'னு எழுதிக் கையெழுத்துப் போடு."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் ஆறு மணி. இவளை மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் புத்தகம், பக்கத்தில் நோட்டு. ஊர் ஊராகச் சரிபார்த்துக் கடைசி வரிக்கு வந்து, மொத்தம் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு, சரி என்று டிக் போட்டேன். பேனாவை மூடத் திரும்பினேன். ஒரே ஒரு நொடி. சர்ரென்று ஒரு சத்தம். கீழ் மூலை அவள் கையில். அடுத்த நொடி வாயில்.

விரலை விட்டு எடுத்தேன். முக்கால்வாசி வந்தது, கொஞ்சம் போய்விட்டது. புத்தகம் கிழிந்தது அப்புறம்தான் உறைத்தது. முதலில் எனக்குத் தோன்றியது வேறு. தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். பத்துப் பேர் வரிசையைத் தாண்டி உள்ளே நுழைந்து, "டாக்டர், பிள்ளை காலராவத் தின்னுட்டா!" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வருஷத்துக் காலரா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணு."

"அவ்வளவு வருஷமா அந்தக் கிருமி உங்க பாப்பாவுக்குப் பல் முளைக்கட்டும்னா காத்துக்கிட்டு இருந்துச்சு? போங்கம்மா. ஆனா ஒண்ணு, காகிதம் ஜீரணமாகலேன்னா ரெண்டு நாள்ல தானா வெளிய வரும்."

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இருந்தாலும் இரண்டு நாள் நான் சோதித்தேன், எதை என்று கேட்காதீர்கள். வரவில்லை. மொத்தத்தில் இருந்த 'நாலு' என்கிற எண் போய்விட்டது. ஆயிரத்து முந்நூற்று, அப்புறம் ஓட்டை, அப்புறம் ஏழு. அந்த நாலு இப்போது என் ஆய்வேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது ஐம்பதுக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மேடம் பக்கங்களைப் புரட்டினார்கள். நூற்றுச் சொச்சம் வரைக்கும் போனார்கள். கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். அப்புறம் மூடிவிட்டார்கள்.

"பிள்ளைக்குப் பல்லு வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்."

"கீழ ரெண்டு மட்டும்தானே?"

எப்படித்தான் தெரிந்ததோ! அவர்களுக்கு இரண்டு மகன்கள் உண்டு, அந்த அனுபவமாக இருக்கும். நல்லவேளை, கிழிந்ததைப் பார்க்கவில்லை. கண்பார்வை அவ்வளவு போதாது போல. நான் தப்பித்தேன் என்று வெளியே வந்துவிட்டேன். வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது அந்தப் பலகையில் பத்தொன்பதாவது விதியைப் பாருங்கள். இங்கிருந்தே தெரிகிறதா? 'நூலைப் பெறும்போதே பக்கங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் காணப்படும் சேதங்களுக்குக் கடைசியாக எடுத்தவரே பொறுப்பு.' இருபது: 'மாற்றுப் பிரதி தர வேண்டும். கிடைக்காத நூலெனில் உறுப்பினர் தகுதி நீக்கப்படும், சான்று வழங்கப்படமாட்டாது.' மாற்றுப் பிரதிக்கு நான் 1903-க்கா போவேன்? சான்று இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, அவ்வளவுதான். மேடம் இன்றைக்குச் சான்று எழுதும்போது அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார்கள் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தத் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்தேன். இதோ. பல் பட்ட தடம் தெரிகிறதா?

கதவைத் திறக்கிறார்கள். ஒரு நிமிடம் எனக்காக எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சாமி என்றாலும் சரி.

*

இருக்கிறீர்களா? நல்லவேளை. உங்கள் அட்டைக்கு அழைத்தார்களா? மூன்று மணிக்கா, சரி.

கிடைத்துவிட்டது! பாருங்கள், முத்திரை, கையெழுத்து, தேதி! மை இன்னும் காயவில்லை, தொடாதீர்கள்.

"குட் ஆஃப்டர்நூன், மேடம்" என்று ஸ்கூல் ராகத்திலேயே இழுத்துவிட்டேன். மேடம் என் அட்டையைப் பார்த்தார்கள், "உன் பேர்ல ஒண்ணும் இல்லை" என்றார்கள். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"மேடம், அந்த 1903 புத்தகம்..."

"திருப்பியாச்சே."

"திருப்பினேன் மேடம். ஆனா அதுல..."

"உனக்கப்புறம் அதை வேற ஒருத்தர் எடுத்தாச்சு. இனிமே அதைப் பத்தி உனக்கென்ன பேச்சு? மணி என்னன்னு பாரு." டங்கென்று முத்திரை விழுந்தது.

பதிவேடு எதிரே திறந்தே கிடந்தது. தலைகீழாகப் படிக்க எனக்கு நன்றாக வரும், சிஸ்டர் பெனிட்டாவின் மார்க் புத்தகத்தை அப்படித்தான் படிப்போம். இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணி, அட்டை எண் ப-7. நான் திருப்பிக் கொடுத்துப் பத்தே நிமிடத்தில்! நூறு வருடமாக யாரும் சீந்தாத புத்தகத்தை, நான் வைத்த சூடு ஆறுவதற்குள் ஒருவர் எடுத்திருக்கிறார். கடைசியாக எடுத்தவர் நான் இல்லை! அந்தோணியார் எப்படியெல்லாம் வழி பண்ணுகிறார், பார்த்தீர்களா? சிரிக்க வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, கார்டு நம்பர்ல 'மா'ன்னா மாணவர், 'ஆ'ன்னா ஆய்வாளர். 'ப'ன்னா யாரு? பகுதிநேர மாணவரா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "எத்தன ப?"

"ப-7."

"ஆமாமா, பகுதிநேரம்தான். காலைல ஒம்பதரைக்கு உள்ள வந்தா சாயந்தரம் அஞ்சரை வரைக்கும் பகுதிநேரம்."

"பாவம், கஷ்டப்படுறவங்களா?"

"ரொம்ப. கண்ணுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குச் சங்கிலி. எல்லாம் இருந்தும் சில விசயம் மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரியாது."

அம்மா என்றார். அப்படியென்றால் பெண். நீங்கள் கவனித்தீர்களா? ஏன் கண்ணாடிக் கதவையே பார்க்கிறீர்கள்? மேடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மூன்று மணிக்குத்தான் அழைப்பார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

ப-7 ஒரு பெண். பகுதிநேரமாகப் படிக்கிறவள். எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டு, கண்ணும் சரியாகத் தெரியாமல். புத்தகத்தை வாங்கும்போது பக்கத்தைச் சரிபார்த்திருக்க மாட்டாள். நாளைக்கு அவளும் இதே மாதிரி வந்து சான்று கேட்பாள். மேடம் புரட்டுவார்கள், நூற்று நாற்பத்து மூன்று வரும். கடைசியாக எடுத்தவர் யார் என்பார்கள். அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? கடித்தது யாரென்றே தெரியாதே. என் மகள் கடித்ததற்கு அவள் பட்டம் போகும்.

பேசாமல் போய்விடு என்கிறீர்களா? உங்கள் முகம் அப்படித்தான் சொல்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தூண் வரைக்கும் வந்தேன். கேம்பஸ் பஸ் மூன்றுக்கு, மெயின் பில்டிங் கால் மணி நேரம். தாள் கையில் இருக்கிறது. அமலியைத் தூக்கிக்கொண்டால் முடிந்தது. ஐந்து வருடம் என்பது விளையாட்டா? பிரசவத்துக்கு முந்தின வாரம்கூடத் தரையில் உட்கார்ந்து இரண்டாம் இயல் எழுதினேன்.

ஆனால் இவள் நாளைக்கு வளர்ந்து, அம்மா எப்படி டாக்டர் ஆனாய் என்று கேட்பாள். ஒரு கண் தெரியாத பெண்ணின் தலையில் பழியைப் போட்டு ஆனேன் என்றா சொல்வேன்? தூங்குகிறாளே, மூச்சு விடுகிறாளா பாருங்கள். விடுகிறாளா? சரி.

இந்தத் தாளைக் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, கொடுங்கள், நானே கொண்டுபோகிறேன். வாங்கிக் கிழிக்க வேண்டுமென்றால் மேடமே கிழிக்கட்டும். வந்துவிடுகிறேன். வராவிட்டால், அந்தப் பெட்டியில் தூங்குகிறவளை யாரும் எழுப்ப வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

*

பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நடந்தது எதுவும் எனக்குப் புரியவில்லை. நீங்கள் படித்தவர், நீங்களாவது சொல்லுங்கள்.

மேடத்துக்கு முன்னால் சான்றை வைத்தேன். மேலே ஜெபப் புத்தகத்தை வைத்துத் திறந்து துண்டைக் காட்டினேன். மூச்சு விடாமல் சொன்னேன்: "மேடம், நூத்து நாப்பத்து மூணாம் பக்கம், கிழிச்சது என் பிள்ளை, மறைச்சது நான். ப-7 நிரபராதி. அவங்களத் தண்டிக்காதீங்க. என் சான்றை நீங்களே வச்சுக்கோங்க." கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன், பழக்கம்.

மேடம் துண்டைப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள், புடவைத் தலைப்பில் துடைத்தார்கள், மாட்டினார்கள், மறுபடியும் கழற்றித் துடைத்தார்கள். அப்புறம் அவர்கள் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் புத்தகத்தையே எடுத்தார்கள். ப-7 அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது, எனக்கு அப்பாடா என்று இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றைப் பிரித்தால், அந்த மூலை அளவுக்கே ஒரு மெல்லிய தாள் வெட்டி, தயாராக உள்ளே வைத்திருக்கிறது! பெரிய நூலகங்களில் எல்லாப் புத்தகத்திலும் அப்படி வைத்திருப்பார்கள் போல. பசை தடவித் துண்டை ஒட்டினார்கள். ரேகை மாதிரிப் பொருந்தியது. நடுவில் அந்தச் சின்ன ஓட்டை மட்டும்.

"இங்க என்ன நம்பர்?"

"நாலு, மேடம்."

"நிச்சயமா?"

"கூட்டிப் பார்த்தேன் மேடம். என் ஆய்வேட்டுல நூத்தெழுபதாம் பக்கத்துல இருக்கு."

பென்சிலை எடுத்து மெல்லிய தாளின் மேல் நாலு என்று எழுதினார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில், 'பார்க்க: பிரின்சி, ஆய்வேடு, ப. 170.' என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இப்போ உன் ஆய்வேடு இந்த நூலகத்துக்கு வந்தே ஆகணும். வரலேன்னா இந்தப் பக்கத்துக்கு ஆதாரம் கிடையாது. அப்புறம் நிஜமாவே சேதக் கணக்குல எழுதணும். புரியுதா? எடு அந்தச் சான்றை."

எடுக்கக் கை வரவில்லை. "மேடம், அந்த ப-7 யாருன்னு சொல்லுங்க. அவங்களப் பார்த்து நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

மேடம் புத்தகத்தை மூடினார்கள். "கேட்டாச்சு. போ."

"இல்ல மேடம், நான் இன்னும் அவங்களப் பார்க்கவே..."

"கேட்டாச்சுன்னு சொல்றேன்ல. பஸ் போயிடும், ஓடு!"

இப்படி ஒரு அதட்டல். அதட்டும்போது குரல் ஏன் அப்படிக் கரகரத்தது என்றும் தெரியவில்லை, பைண்டிங் தூசி சேராது போல.

யார் கேட்டிருப்பார்கள் எனக்காக? அதுதான் விளங்கவில்லை. அண்ணாச்சியாக இருக்குமோ? சரி, நேரமில்லை. அண்ணாச்சி, டோக்கன் இந்தாங்க. வாடி என் தங்கம். பையைத் தோளில் மாட்டிவிடுகிறீர்களா? நன்றி. நீங்கள் இனிமேல் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள்? உங்கள் பிள்ளைக்கும் ஒரு அட்டைப்பெட்டி வேண்டும் என்று இன்றைக்கே அண்ணாச்சியிடம் சொல்லி வையுங்கள். மேடம் உங்களையும் அந்தத் தனி அறையில்தான் போடுவார்கள், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். என்றைக்காவது ப-7 கண்ணில் பட்டால், பிரின்சி என்று ஒருத்தி உங்களைத் தேடினாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

என்ன இது, நீங்கள் அழுகிறீர்களா? சிரிக்கிறீர்களா? ஆறாம் மாதத்தில் இப்படித்தான் இருக்கும், எனக்கும் காரணமே இல்லாமல் வரும். தண்ணீர் குடியுங்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.